அமுக்கரா சாப்பிடலாமா? வாங்குவது முதல் நிறுத்துவது வரை முழுமையான வழிகாட்டி

எந்த ஊர் நாட்டு மருந்துக் கடையிலும் "அமுக்கரா கிழங்கு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டால், பென்சில் தடிமனில் வெளிறிய வேர்த்துண்டுகளை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதே செடிதான் இன்று அஸ்வகந்தா என்ற பெயரில் மாத்திரை, கேப்சூல், கம்மி மிட்டாய், புரோட்டீன் பவுடர் எனப் பல உருவங்களில் கைப்பேசித் திரையில் வந்து நிற்கிறது. தூக்கம் வரும், மன அழுத்தம் குறையும், உடம்பு தேறும், ஆண்மை கூடும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாக அது விற்கப்படுகிறது. "நம் பாட்டன் காலத்து மருந்துதானே, என்ன செய்துவிடப் போகிறது" என்ற நம்பிக்கையில் பலரும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தினமும் விழுங்குகிறார்கள்.

அந்த நம்பிக்கையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நம் பாட்டன் காலத்தில் யாரும் கேப்சூல் விழுங்கவில்லை. வேரைப் பாலில் அவித்து, இடித்து, சுக்கும் மிளகும் சர்க்கரையும் சேர்த்த சூரணத்தில் ஒரு சிட்டிகை எடுத்தார்கள். மரபு அனுபவம் சான்று சொல்வது அந்தச் சிட்டிகைக்குத்தான். ஆலையில் பிழிந்து செறிவூட்டிய மாத்திரைக்கு அந்தச் சான்றை அப்படியே எடுத்துக் கொடுக்க முடியாது. இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்த இரு வேறு மருந்துகள். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் எவ்வளவு எடுக்கலாம், யார் தவிர்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தானாகவே தெளியும்.

செடியும் வேரும்

அமுக்கரா, அமுக்கிரா, அசுவகந்தி எல்லாம் ஒன்றே. தாவரவியலில் விதானியா சோம்னிஃபெரா. கத்தரி, தக்காளி, தூதுவளை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இடுப்பளவு உயரம் வளரும் குறுஞ்செடி. இலையிலும் தண்டிலும் சாம்பல் பூத்தாற்போல் மென்மயிர் இருக்கும். மெல்லிய காகித உறைக்குள் சிவந்த சிறு பழம் காய்க்கும். மழை குறைந்த, நீர் தேங்காத நிலமே இதற்குப் பிடிக்கும். தமிழ்நாட்டிலும் தானாக வளர்கிறது, என்றாலும் சந்தைக்கு வரும் வேரில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பகுதிகளில் பயிரிடப்படுவது. ராஜஸ்தானின் நாகௌர் வேருக்குத் தனிப் பெயர் உண்டு. மழைக்காலத்தில் விதைத்து, ஐந்தாறு மாதம் கழித்து இலை காய்ந்து பழம் சிவக்கும்போது பிடுங்குவார்கள்.

மருந்துக்கு உரியது வேர்தான். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இலையும் தண்டும் வேரைவிட மலிவு, ஆய்வகத்தில் சோதித்தால், அமுக்கராவின் வீரியத்தை அளக்கப் பயன்படும் விதனோலைடு என்ற வேதிப்பொருளும் அதில் நிறையவே காட்டும். லேபிளில் பெரிய எண் போட ஆசைப்படும் உற்பத்தியாளருக்கு இது பெரிய சபலம். ஆனால் விதாஃபெரின்-ஏ என்ற, உயிரணுக்களைத் தாக்கக்கூடிய பொருளும் இலையில்தான் அதிகம். நம் மரபில் இலையை வீக்கத்துக்கு மேலே வைத்துக் கட்டினார்கள். நாள்தோறும் உள்ளுக்குச் சாப்பிட்ட வழக்கம் இல்லை. இலையை உள்மருந்தில் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021-ல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது.

மரபு எதற்குக் கொடுத்தது

சித்த மருத்துவத்தில் அமுக்கரா ஓர் உடல்தேற்றி. நோயில் கிடந்து எழுந்தவருக்கு, உடல் மெலிந்தவருக்கு, வயதானவருக்கு, வாத வலியும் மூட்டு வீக்கமும் உள்ளவருக்கு, தூக்கம் கெட்டவருக்கு, தாது பலவீனம் என்று வந்தவருக்கு, பெண்களின் வெள்ளைப்பாட்டுக்குக் கொடுத்தார்கள். வேரை அரைத்து வீக்கத்தில் பற்றுப் போடுவதும் உண்டு. வெப்பமுண்டாக்கும் குணம் இதற்கு இருப்பதால் பாலும் நெய்யும் துணையாக வந்தன. சித்த மருத்துவர்கள் அதை அனுபானம் என்பார்கள்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எல்லாமே தளர்ந்த உடம்புகள். நன்றாகச் சாப்பிட்டு, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வரும் இருபத்தைந்து வயது இளைஞர் "இன்னும் கொஞ்சம் சக்தி" வேண்டும் என்று வருடக்கணக்கில் எடுப்பதை மரபு நினைத்தே பார்க்கவில்லை. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், பிறகு மருத்துவர் நாடி பார்த்து முடிவு செய்வார். மருந்துக்குத் தொடக்கமும் முடிவும் இருந்தது.

சூரணத்துக்குள் இருக்கும் கணக்கு

அமுக்கரா சூரணத்தின் செய்முறை அழகான இரட்டிப்புக் கணக்கு. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. கூட்டினால் 255 பங்கு. அதில் அமுக்கரா 64, அதாவது கால் பங்கு. பாதி சர்க்கரை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சுக்கு, மிளகு, திப்பிலி எனும் திரிகடுகம்.

ஒருவர் காலையும் இரவும் 2 கிராம் வீதம் நாளைக்கு 4 கிராம் சூரணம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் அமுக்கரா வேர் சுமார் 1 கிராம்தான். நல்ல வேரில் விதனோலைடு ஏறக்குறைய 0.3 சதவீதம் என்று கொண்டால், அவர் உடம்புக்குள் போவது நாளொன்றுக்கு 3 மில்லிகிராம்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். வேரிலிருந்து சத்தைப் பிரித்துச் செறிவூட்டியதை, அதாவது சாற்றை, எக்ஸ்ட்ராக்ட் என்று லேபிளில் போடுவார்கள். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் 5 சதவீதம் விதனோலைடு இருக்கும். 300 மி.கி. மாத்திரை இரண்டு எடுத்தால் 600 மி.கி.; அதில் 5 சதவீதம் 30 மில்லிகிராம். சூரணத்தைப்போல் பத்து மடங்கு. 10 சதவீதம், 35 சதவீதம் என்று இன்னும் செறிவான வகைகளும் சந்தையில் உண்டு. அவற்றில் 35 சதவீதச் சாறு வெறும் 120 மி.கி. எடுத்தாலே 42 மி.கி. ஆகிவிடும். "120 மில்லிகிராம்தானே, 600-ஐவிடக் குறைவு" என்று நினைப்பவர் உண்மையில் அதிகம் எடுக்கிறார்.

ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளக்கும் முறை மாறும், வேருக்கு வேர் சத்தும் மாறும். ஆகவே இவை தோராயக் கணக்குகளே. ஆனால் மூன்றுக்கும் முப்பதுக்கும் உள்ள தூரத்தை எந்த அளவீட்டு வேறுபாடும் அழித்துவிடாது. வெறும் வேர்ப்பொடியாக எடுத்தால் நிலைமை நடுவில் நிற்கிறது: மருந்துகளின் தரத்தையும் அளவையும் வகுக்கும் அதிகாரப்பூர்வ நூலான இந்திய ஆயுர்வேத பார்மகோபியா உலர்ந்த வேர்ப்பொடிக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் என்கிறது. அதே கணக்கில் 9 முதல் 18 மி.கி.

ஆய்வுகள் சொல்வது

மருந்துக்குப் பலனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2012-ல் வெளிவந்த ஹைதராபாத் ஆய்வு ஒன்றில், நாள்பட்ட மன அழுத்தம் உள்ள 64 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வேர்ச்சாறு 300 மி.கி. இரு வேளையும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் 60 நாள் கொடுத்தார்கள். சாறு எடுத்தவர்களின் மன அழுத்த மதிப்பெண்ணும் இரத்தத்தில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் தெளிவாகக் குறைந்தன. தூக்கமின்மைக்கு நடந்த ஆய்வுகளிலும் ஓரளவு நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன.

ஆனால் இவை பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்து இரண்டு மூன்று மாதம் நடந்த சிறிய ஆய்வுகள். ஒரு வருடம், இரண்டு வருடம் விடாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இவற்றில் விடை இல்லை. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களும் பொதுவாக வேறு நோயோ மருந்தோ இல்லாதவர்கள். சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று என்று வாழும் நம் வீட்டுப் பெரியவர்களை அந்த ஆய்வுகள் பிரதிநிதித்துவப்படுத்தவில்லை. அவர்களுக்காகத்தான் அடுத்த பகுதி.

படி 1: நீங்கள் எடுக்கலாமா என்று முதலில் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

கருவுற்றிருப்பவர்கள், கருத்தரிக்க முயல்பவர்கள் எந்த உருவத்திலும் தொட வேண்டாம். கருவைக் கலைக்கப் பயன்பட்டதாகவே பதிவுகள் இருக்கும் மூலிகை இது. பாலூட்டும் தாய்மார்களுக்கு மரபில் சில இடங்களில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தாய்ப்பாலில் எவ்வளவு போகிறது, குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதற்குப் போதிய தரவு இல்லாததால் மாத்திரையை அறவே தவிர்ப்பதுதான் சரி. குழந்தைகளுக்கு "ஞாபகசக்தி வளரும்" என்று கம்மி மிட்டாய் வாங்கிக் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது மிட்டாய் வடிவில் இருப்பதே ஆபத்து. குழந்தை ஒன்றோடு நிறுத்தாது.

கல்லீரல் நோய் உள்ளவர்கள், கொழுப்புக் கல்லீரல் முற்றியவர்கள், மஞ்சள் காமாலை வந்து போனவர்கள், நாள்தோறும் மது அருந்துபவர்கள் எடுக்கக் கூடாது. ஏன் என்பதைக் கீழே படி 5-ல் விரிவாகச் சொல்கிறேன்.

தைராய்டு உள்ளவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. 2018-ல் வந்த ஓர் இந்திய ஆய்வில், லேசான தைராய்டுக் குறைவு உள்ள 50 பேரில் நாளொன்றுக்கு 600 மி.கி. சாறு எடுத்த குழுவுக்கு எட்டு வாரத்தில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இறங்கியது, தைராய்டு சுரக்கும் டி3, டி4 ஹார்மோன்கள் ஏறின. "அப்படியானால் தைராய்டு குறைவுக்கு நல்லதுதானே" என்று கேட்கத் தோன்றும். ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை எடுப்பவருக்கு இதுவும் சேர்ந்தால் அளவு மீறும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். தைராய்டு மிகுதியாகச் சுரப்பவருக்கோ எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலாகும்.

முடக்குவாதம், லூப்பஸ், சோரியாசிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும். இது எதிர்ப்பாற்றலைத் தூண்டக்கூடும். அல்பிரசோலாம், குளோனசெபாம் போன்ற தூக்க, பதற்ற மருந்துகளோடும் வலிப்பு மருந்துகளோடும் சேர்ந்தால் மயக்கம் கூடும். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையும், ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் அழுத்தமும் தேவைக்கு மேல் இறங்கக்கூடும். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களும் விலக்க வேண்டும், ஆண் ஹார்மோனை இது உயர்த்துவதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன.

சூரணத்துக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை: அதிலுள்ள திரிகடுகம் வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு எரிச்சலைக் கிளப்பும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், ஃபெனிட்டாயின் போன்ற சில ஆங்கில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவையும் கூட்டும். சூரணத்தில் பாதி சர்க்கரை என்பதைச் சர்க்கரை நோயாளிகள் நினைவில் வைக்கவும். 2 கிராமில் 1 கிராம் என்பது சிறிய அளவுதான், ஆனால் லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ இன்னும் எவ்வளவோ அதிகம். அஸ்வகந்தாரிஷ்டம் நொதிக்க வைத்துச் செய்வது, இயல்பாகவே ஆல்கஹால் இருக்கும். குடியை விட முயல்பவர்களுக்கு அது ஏற்றதல்ல.

படி 2: மருத்துவரிடம் ஒருமுறை

இரு மருத்துவரிடம் பேச வேண்டும் என்பேன். ஒருவர் தகுதி பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர். உங்கள் உடம்புக்கு இது தேவையா, எந்த உருவத்தில், எந்த அனுபானத்தில் என்பதை அவர் சொல்வார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. சென்னை அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை எல்லோரும் போகக்கூடியவை.

இன்னொருவர் உங்களுக்கு வழக்கமாக மாத்திரை எழுதித் தரும் மருத்துவர். அவரிடம் மறைக்காதீர்கள். "திட்டுவாரோ" என்று பயந்து சொல்லாமல் விடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது. புதிதாக வந்த படபடப்புக்குக் காரணம் தேடி அவர் இசிஜி, எக்கோ என்று அலைய, காரணம் படுக்கையறை அலமாரியில் இருக்கும்.

செறிவூட்டிய மாத்திரை எடுக்கப் போகிறீர்கள் என்றால் தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனையும் டி.எஸ்.எச். பரிசோதனையும் செய்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.

படி 3: வாங்குவது

நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் பொடியை விட்டுவிட்டு முழு வேராக வாங்குங்கள். பொடியில் எது கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பயிரிட்ட நல்ல வேர் நேராக, ஓரளவு உருண்டையாக இருக்கும். ஒடித்தால் மாவுத்தன்மையோடு சட்டென்று முறியும். உள்ளே வெண்மையாக இருக்கும். முகர்ந்தால் அதற்கே உரிய, குதிரை லாயத்தை நினைவுபடுத்தும் வாடை வர வேண்டும். கசப்பும் உண்டு. நார்நாராகப் பிளந்து மரக்கட்டை போல இருந்தால் அது முற்றிய வேர் அல்லது காட்டு வேர். மாவுச்சத்து மிகுதியாக இருப்பதால் இந்த வேரைப் பூச்சி சீக்கிரம் துளைத்துவிடும். ஊசித்துளைகளும் கீழே உதிர்ந்த மாவும் தெரிந்தால் வாங்காதீர்கள். ஈரம் தட்டிப் பூசணம் பிடித்ததையும் வெயிலில் காயவைத்துச் சரிசெய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

தயாரித்த சூரணம் வாங்கினால் உறையைப் படியுங்கள். சட்டப்படி அதில் சித்த மருந்து அல்லது ஆயுர்வேத மருந்து என்ற குறிப்பு, தயாரிப்பாளர் பெயர் முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனமும் அமுக்கரா சூரணம் தயாரிக்கிறது. அரசு சித்த மருத்துவமனைகளில் பெரும்பாலும் இலவசமாகவே கிடைத்துவிடும்.

மாத்திரை, கேப்சூல் வகைகள் இரண்டு வழியில் சந்தைக்கு வருகின்றன. ஒன்று ஆயுஷ் மருந்து உரிமத்தோடு. மற்றது உணவுச் சேர்க்கை என்று, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணோடு. இரண்டில் எதுவும் இல்லாததைத் தொடாதீர்கள். பிறகு மூன்று விவரங்களைத் தேடுங்கள். செடியின் எந்தப் பகுதி: "வேர்" என்று மட்டும் இருக்க வேண்டும், "வேரும் இலையும்" என்றால் திரும்ப வைத்துவிடுங்கள். சாறா, பொடியா. சாறு என்றால் விதனோலைடு எத்தனை சதவீதம். இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லாத நிறுவனத்தை நான் நம்ப மாட்டேன்.

கன உலோகச் சோதனை அறிக்கையைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. காரீயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, காட்மியம் 0.3, பாதரசம் 1 என்பவை மூலிகை மருந்துகளுக்கான உச்ச வரம்புகள். பெரிய நிறுவனங்கள் பல தொகுதி எண் வாரியாக இணையத்திலேயே அறிக்கை வைத்திருக்கின்றன.

பத்து மூலிகை கலந்த "ஆண்மைப் பெருக்கி", "தசை வளர்ப்பு" கலவைகளைப் பற்றி ஒரே வரி: வாங்காதீர்கள். பின்னால் ஏதாவது நேர்ந்தால் எது காரணம் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

படி 4: தயாரித்து எடுக்கும் முறை

பச்சையாக இடித்த வேரை மரபு அப்படியே கொடுக்கவில்லை. சுத்தி செய்துதான் கொடுத்தது. இதற்குப் பிட்டவியல் முறை என்று பெயர். வேரைக் கழுவி உலர்த்தி இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் பாலும் தண்ணீரும் சம அளவு, பாதிப் பாத்திரத்துக்கு ஊற்றுங்கள். வாயில் வெள்ளைத் துணியை இறுகக் கட்டி, அதன்மேல் பொடியைப் பரப்பி, மேலே இன்னொரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடுங்கள். சிறு தீயில் புட்டு அவிப்பது போல அவித்து, பால் சுண்டியதும் இறக்குங்கள். அவிந்த பொடியைத் தட்டில் பரப்பி நன்றாக வெயிலில் உலர்த்தி மறுபடி இடித்துச் சலித்தால் முடிந்தது. சரியாக உலராவிட்டால் பால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே மழைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில், சில வாரங்களுக்கு வேண்டிய அளவு மட்டும் செய்து வையுங்கள்.

சூரணமாகச் செய்ய வேண்டுமானால் மேலே சொன்ன இரட்டிப்புக் கணக்கில் மற்றச் சரக்குகளை இளவறுப்பாக வறுத்து, தனித்தனியே இடித்துச் சலித்துச் சேர்க்கலாம். சிறுநாகப்பூவில் போலி அதிகம் வருவதால் வீட்டில் செய்வதைவிட அரசு மருத்துவமனைச் சூரணமே மேல் என்பது என் எண்ணம்.

அளவு: மருத்துவர் வேறு சொல்லாவிட்டால் திரிகடியளவில், அதாவது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்த்துக் கிள்ளும் அளவில் தொடங்குங்கள். முதல் வாரம் இரவு மட்டும், உணவுக்குப் பின், வெதுவெதுப்பான பாலில். வயிறு ஏற்றுக்கொண்டால் காலையும் சேர்க்கலாம். சூரணம் வேளைக்கு 1 முதல் 2 கிராம் வரை வழக்கம். பால் ஒவ்வாதவர்கள் நெய்யிலோ தேனிலோ குழைத்து எடுக்கலாம். வெறும் வயிற்றில் எடுத்தால் பலருக்குக் குமட்டும், சிலருக்கு வயிறு இளகும்.

செறிவூட்டிய மாத்திரைதான் என்று முடிவு செய்திருந்தால், 5 சதவீதச் சாறு 300 மி.கி. ஒன்றே ஒன்று, இரவு உணவுக்குப் பின். மேலே சொன்ன ஆய்வுகளில் கொடுத்த அளவான நாளைக்கு 600-ஐத் தாண்ட வேண்டிய காரணமே இல்லை. ஒரே நேரத்தில் மாத்திரையும் சூரணமும் லேகியமும் வேண்டாம். புரோட்டீன் பவுடரிலும் "தூக்கத் தேநீரிலும்" அஸ்வகந்தா ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் வருகிறதா என்று பார்த்த பிறகே வண்டி ஓட்டுங்கள்.

படி 5: உடம்பைக் கவனிப்பது

அமுக்கரா கல்லீரலைப் பாதிக்குமா என்ற கேள்வி பத்து வருடத்துக்கு முன் யாருக்கும் எழவில்லை. 2020-ல் ஐஸ்லாந்திலிருந்து மூவர், அமெரிக்காவிலிருந்து இருவர் என ஐந்து பேரின் விவரம் மருத்துவ இதழில் வெளிவந்தது. அஸ்வகந்தா மாத்திரை தொடங்கிய 2 முதல் 12 வாரத்துக்குள் அவர்களுக்கு மஞ்சள் காமாலையும் தாங்க முடியாத அரிப்பும் வந்தன. நிறுத்திய சில மாதங்களில் நால்வர் தேறினார்கள்; ஐந்தாமவர் என்ன ஆனார் என்ற தகவல் கிடைக்கவில்லை. 2023-ல் இந்திய மருத்துவர்களே ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் அஸ்வகந்தாவை மட்டும் எடுத்த எட்டுப் பேரில் ஐவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது. அவர்களில் மூவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். கல்லீரல் நோயாளிகள் தொடவே கூடாது என்று மேலே சொன்னது இதனால்தான்.

அதே 2023-ல் டென்மார்க் அஸ்வகந்தாவை உணவுச் சேர்க்கைகளில் தடை செய்தது. அந்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020-ல் தந்த அறிக்கை தைராய்டு, பாலின ஹார்மோன், கருச்சிதைவு பற்றிய அச்சங்களை எழுப்பியிருந்தது. இந்திய ஆயுர்வேத அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை. வேரையும் மற்றப் பாகங்களையும் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுத்தார்கள் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆனால் காமாலை வந்து படுத்தவருக்கு அந்த வாதம் உதவாது. கோடிக்கணக்கானோர் எடுக்கும் மருந்தில் இவை அரிதாக நேர்பவை. யாருக்கு நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் எல்லோரும் அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, கண் மஞ்சளிப்பது, உடம்பெங்கும் காரணமில்லாமல் அரிப்பது, மலம் வெளிறுவது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவது, வலது விலாவுக்குக் கீழே வலிப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை.

தைராய்டு பக்கம் கவனிக்க வேண்டியவை வேறு. ஓய்வில் இருக்கும்போதும் நெஞ்சு வேகமாக அடிப்பது, விரல் நடுங்குவது, மின்விசிறிக்கு அடியிலும் வியர்ப்பது, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது. தூக்கத்துக்காக எடுத்த மருந்தால் தூக்கம் போகிறது என்றால் சந்தேகப்படுங்கள். மாத்திரை எடுப்பவர்கள் ஆறாவது வாரத்தில் கல்லீரல், டி.எஸ்.எச். பரிசோதனைகளை மறுபடி செய்து பழைய அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

படி 6: நிறுத்துவது

ஒரு மண்டலம் முடிந்ததும் நிறுத்திப் பாருங்கள். எதற்காகத் தொடங்கினீர்களோ அது மாறியிருக்கிறதா என்று யோசியுங்கள். தூக்கமும் உடம்பும் தேறியிருந்தால் மருந்தின் வேலை முடிந்தது. எதுவுமே மாறவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். தூக்கமின்மைக்கு ரத்தசோகையோ மூச்சுத்தடையோ மனச்சோர்வோ காரணமாக இருக்கலாம், அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது. ஆய்வுகளின் காலமான மூன்று மாதத்தைத் தாண்டி மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடர வேண்டாம்.

அறுவை சிகிச்சை குறித்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, மயக்க மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தின் வீரியத்தை இது கூட்டக்கூடும். இதயத்துக்கு டிஜாக்சின் எடுப்பவர்கள் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் முன்னும் சொல்ல வேண்டும், சிலவகைச் சோதனைகளில் அமுக்கரா தவறான எண்ணைக் காட்டவைக்கும்.

பக்கவிளைவு ஏதாவது வந்தால் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள். மிச்ச மாத்திரையோடும் ரசீதோடும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தொகுதி எண் அவருக்கு வேண்டும். இந்திய மருத்துவ மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய ஆயுஷ் அமைச்சகத்தின் ஆயுஷ் சுரக்ஷா திட்டம் இருக்கிறது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதில் ஒரு மையம். நோயாளியே நேரடியாகப் புகார் தரலாம், சிகிச்சை தந்தவர் ஆங்கில மருத்துவராக இருந்தாலும் அனுப்பலாம். மருந்தின் பெயர், தொகுதி எண், எத்தனை நாள் எவ்வளவு எடுத்தீர்கள், கூடவே வேறு என்ன மாத்திரை எடுத்தீர்கள், என்ன அறிகுறி எப்போது வந்தது ஆகிய விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் படிவத்தை நிரப்பச் சில நிமிடம் போதும்.